ஹ்யூமும் மண்ணின் செல்வமும்

காங்கிரஸ் மகாசபையின் சரித்திரத்தைச் சிறிதேனும் அறிந்தவர்கள் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம் என்னும் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். 1885-ம் வருஷம் டிசம்பர் மாதம் 28-ந் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடிய முதல் மகாநாட்டைக் கூட்டுவிக்க இரவு பகலாக உழைத்த ஆங்கிலேயர் அவர். தேசபக்தர்கள் அவரை அந்த அளவில் நினைத்து, அந்த அளவிலேயே விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்பெரியாருடைய வாழ்க்கையில் மற்றொரு பாகமும் உண்டு. அது மேடைப் பிரசங்கங்களைப் பற்றியதன்று. வறட்டியையும் எருவையும் பற்றியது. நிலத்தைச் சேரவேண்டிய சத்து எங்கே போய்விடுகிறது என்ற கேள்வியைப் பற்றியது. ராஜ்யத் துறையில் அவர் விதைத்தது முளைத்து மரமாகிப் பலனும் தந்துவிட்டது. மண்ணைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியோ இன்னும் விடை காணாமலே நிற்கிறது. ஆகையால் அந்தப் பாகத்தையே இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஹ்யூம் பிறந்தது 1829-ம் வருஷத்தில். அவருடைய தகப்பனார் ஜோஸப் ஹ்யூம் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சர்க்காரின் வீண் செலவைச் சளைக்காமல் கண்டித்து வந்த தீவிரவாதி. ஹெய்லிபரி கலாசாலையில் படித்து, லண்டனில் வைத்தியமும் ரண சிகிச்சையும் சிறிது பயின்று, 1849-ல் வங்காள ஸிவில் உத்தியோகத்தில் சேர்ந்த மைந்தனுக்கு, வடநாட்டில் எடாவா ஜில்லா வாய்த்தது. அங்கே அவர் கச்சேரியில் உட்கார்ந்து வரி வசூலிப்பதோடு நின்றுவிடவில்லை. கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடங்கள் வைத்தார். சாராயத்தினால் வரும் வருமானம் பாவத்தின் கூலி என்று கருதி, மேலதிகாரிகளின் முகக்கடுப்பைப் பாராட்டாமல் அதை எதிர்த்து எழுதினார். 1857-ம் வருஷத்துக் கிளர்ச்சியின்போது அவரும் உயிருக்குப் போராடினார். ஆயினும் கிளர்ச்சி அடங்கியபின் பழிவாங்கும் புத்தி அவரிடம் தலைகாட்டவில்லை. ஜனங்களின் மனக்கசப்புக்குப் பசியே வேர் என்ற எண்ணம் அந்நாட்களிலேயே அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டது எனலாம்.

பின்னர் 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க இலாகாவின் தலைமை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. வரி கொடாத உப்பு நாட்டுக்குள் வராதபடி தடுக்க முள்மரங்களை நட்டு வளர்த்த நெடும் வேலியைக் காவல் காப்பது அந்த இலாகாவின் வேலை. அந்த வேலியோரமாகப் பல நூறு மைல் பிரயாணம் செய்த ஹ்யூம் நிலங்களையும் பயிர்களையும் பக்ஷிகளையும் ஒருங்கே கவனித்து வந்தார். இந்தியப் பறவைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் அவருக்கு இணையானவர் அக்காலத்தில் இல்லை. ஓர் இறகைக் கையிலெடுத்தாலும் அது எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்று துருவிப் பார்க்கும் சுபாவம் அவருடையது. அந்தச் சுபாவமே பிற்பாடு அவரைக் குப்பைமேட்டருகிலும் கொண்டுவந்து நிறுத்திற்று.

1871-ம் வருஷம் மேயோ பிரபு இந்திய சர்க்காரில் விவசாயத்துக்கென்று ஓர் இலாகா ஏற்படுத்த விரும்பினார். சீமையிலிருந்த அதிகாரிகளோ விவசாயம் மட்டும் போதாது, ரெவினியூவும் அதனுடன் சேரவேண்டும் என்றார்கள். இவ்வாறு ரெவினியூ, விவசாயம், வியாபாரம் என்ற மூன்றையும் சுமந்துகொண்டு பிறந்த இலாகாவுக்கு ஹ்யூம் முதல் காரியதரிசியானார். விளைவை ஊகிப்பது கடினமன்று. மூன்று குழந்தைகளில் வரி வசூல் என்னும் குழந்தை பாலனைத்தையும் குடித்துவிட்டது. விவசாயம் மெலிந்து கிடந்தது. அடுத்த வருஷமே மேயோ பிரபு அந்தமானில் கொலையுண்டார். ஆதரவு இழந்த ஹ்யூம், விவசாய இலாகாவை விவசாயம் தெரிந்தவர்களே நடத்தவேண்டும் என்று எவ்வளவோ வாதாடியும் பயனில்லை.

இதே காலத்தில் நமது சென்னையில் என்ன நடந்தது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். அடையாற்றங்கரையில் சைதாப்பேட்டையில், கவர்னர் ஸர் வில்லியம் டெனிஸனுடைய முயற்சியால் 1860-களில் ஒரு சோதனைப் பண்ணை தொடங்கப்பட்டது. சீமைக் கலப்பைகளும், சீமை உரங்களும், புதிய விதைகளும் அங்கே தருவிக்கப்பட்டுப் பரீக்ஷை செய்யப்பட்டன. பண்ணையை ஒட்டி விவசாயப் பள்ளியும் வளர்ந்தது. அதுவே 1906-ல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, இன்றைய விவசாய சர்வகலாசாலைக்கு மூலமாயிற்று. இன்று தியாகராய நகர் என்று நாம் வழங்கும் பேட்டை அப்போது ஏரி. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்த அந்த ஏரியைத் தூர்த்து வீடுகள் கட்டத் தொடங்கியது 1920-களில்தான். ஏரியின் வண்டலைக் கோடையில் வெட்டி வயலில் கொட்டுவதும், ஆட்டுக்கிடை வைப்பதும், கொழிஞ்சியையும் புங்கந் தழையையும் சேற்றில் மிதித்து மக்கவிடுவதும் நமது குடியானவர்களின் பரம்பரை வழக்கம். வெளியிலிருந்து புதிய சத்தைக் கொண்டுவருவது எப்படி என்று பண்ணை யோசித்தது. உள்ளே இருக்கும் சத்து வெளியே போகாமல் காப்பது எப்படி என்று குடியானவன் யோசித்தான். இரண்டாவது கேள்வியின் பெருமையை உணர்ந்த மிகச் சில உத்தியோகஸ்தர்களில் ஹ்யூம் ஒருவர்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைச் சூறையாடிற்று. லக்ஷக்கணக்கான ஜனங்கள் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். மயிலாப்பூரின் அருகே அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து ஓடுகிறதே, பக்கிங்ஹாம் கால்வாய், அந்தப் பகுதி அப்பஞ்சத்தில் தவித்த ஏழைகளின் கைகளால் 1877-78-ல் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்கள் பெரும்பாலும் நிலத்தை நம்பி வாழ்ந்தவர்களே. மழை பொய்த்ததுதான் பஞ்சத்தின் காரணம் என்று சர்க்கார் சொல்லிற்று. அது பாதி உண்மை. கடனும் வரியும் குடியானவனை இளைக்க வைத்தன. எரு காணாத நிலமோ நல்ல காலத்திலும் அவனுக்கு மிச்சமென்று ஒன்றும் வைக்கவில்லை. மழை தவறிய வருஷத்தில் தாங்குவதற்கு அவனிடம் என்ன இருந்தது?

இந்தப் பஞ்சத்தின் சூடு ஆறுமுன், 1879-ல், இந்திய விவசாயச் சீர்திருத்தத்தைப் பற்றி ஹ்யூம் ஒரு நூல் வெளியிட்டார். நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பதிலும் களையெடுப்பதிலும் இந்நாட்டு உழவனுக்கு ஐரோப்பிய உழவன் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பதை அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். குறை உழவனுடைய அறிவில் இல்லை. அவனுடைய கைக்கு எட்டாத இரண்டு பொருள்களில் இருந்தது. ஒன்று முதல், மற்றொன்று எரு. நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கும் முறையை இங்கே புகுத்தியது ஆங்கிலேயச் சட்டமே என்றும், அதுவே குடியானவனைக் கடனாளியாக்கிற்று என்றும் கண்டித்து, அவனுக்குக் கடன் கொடுக்க சர்க்கார் பாங்கிகள் வேண்டும் என்றார். எருவைப் பற்றி அவர் சொன்னது அதைக் காட்டிலும் எளிமையானது. ஏழைகள் சாணத்தை வறட்டி தட்டி அடுப்பில் எரிக்கிறார்கள்; அதற்குக் காரணம் விறகு இல்லாமைதான். ஆகையால் வறண்ட பிரதேசங்களிலுள்ள ஒவ்வொரு கிராமத்திலும் விறகுக்கென்று ஒரு தோப்பு வைத்துவிட்டால், அடுப்புக்கு விறகும் நிலத்துக்குச் சாணமும் கிடைக்கும். தோப்பு வைப்பது இந்நாட்டாருக்குப் புதிய தர்மமன்று. ஜனங்கள் மனமுவந்து ஒத்துழைப்பார்கள் என்பது அவருடைய நம்பிக்கை.

வறட்டியை எரிப்பதனால் நஷ்டமாவது யாது? சாணத்திலும் கோமூத்திரத்திலும் உள்ள சத்துக்களில் தலைமையானது நைட்ரஜன். நமது உழவர்கள் தழைச்சத்து என்று சொல்வது அதையே. காற்றில் நூற்றுக்கு 78 பங்கு இந்த வாயுதான். ஆனால் பயிர் அதை நேரே உண்ண முடியாது. கடலின் நடுவே தாகத்தால் தவிப்பவன் நிலை பயிருக்கு. மண்ணில் மக்கிக் கரைந்து வரும்போதுதான் வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். வறட்டி எரிந்தால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் சாம்பலிலே தங்கும். தழைச்சத்தோ ஏறக்குறைய முழுவதும் புகையோடு போய்விடும். ஒரு கிராமத்தின் மாடுகள் வருஷமெல்லாம் மேய்ந்து சேர்த்த செல்வம் காலையிலும் மாலையிலும் கூரை வழியாக ஆகாயத்துக்கு ஏறுகிறது. ஹ்யூம் இதை எழுதிய காலத்தில் விஞ்ஞானமே இவ்விஷயத்தில் குழந்தைப் பருவத்தில் இருந்தது. மண்ணில் தழைச்சத்தைப் பக்குவப்படுத்துவது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் என்று பிரான்ஸில் கண்டறிந்தது 1877-ல். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடித்துத் தருகின்றன என்று ஜெர்மனியில் நிரூபணமானது 1886-ல். உளுந்தையும் கொள்ளையும் மாற்றுப் பயிராக விதைத்து வந்த நமது உழவன் காரணம் அறியாமலே காரியம் அறிந்திருந்தான்.

தாதாபாய் நவுரோஜி இந்தியாவின் செல்வம் வருஷந்தோறும் சீமைக்கு வடிந்து போவதைக் கணக்கிட்டுக் காட்டினார் அல்லவா? ரூபாய்க் கணக்கில் வடிந்தது ஒன்று. மண்ணின் கணக்கில் வடிந்தது மற்றொன்று. பீஹாரிலிருந்து வெடியுப்பு கப்பலேறிற்று, அதிலுள்ளது நைட்ரஜன். எண்ணெய் வித்துக்கள் கப்பலேறின. அவற்றின் பிண்ணாக்கில் உள்ளது நைட்ரஜன். எலும்புகளும் கப்பலேறின. அந்நிய நிலங்கள் கொழுத்தன. நமது நிலங்கள் இளைத்தன. 1889-ல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட ரசாயன நிபுணர் வோல்க்கர், நாடெங்கும் சுற்றிப் பார்த்து 1893-ல் வெளியிட்ட அறிக்கையில், சாணத்தை எரிக்கும் விஷயத்தில் ஹ்யூம் கொண்ட கவலையையே உறுதிப்படுத்தினார். கிராமங்களுக்கு விறகும் தீவனமும் தரும் காப்புக்காடுகள் வேண்டும் என்றார். இவ்வாறு இரண்டு ஆங்கிலேயர் சொல்லியும், சர்க்கார் காடுகளைப் பெரும்பாலும் வருமானத்துக்கென்றே வைத்துக்கொண்டது. கிராமத்தான் சுள்ளி பொறுக்கினாலும் குற்றமாயிற்று. பிறகு அவன் வறட்டி தட்டாமல் என்ன செய்வான்?

நூல் வெளிவந்த 1879-ம் வருஷத்திலேயே லிட்டன் பிரபுவின் சர்க்கார் ஹ்யூமைக் காரியதரிசிப் பதவியிலிருந்து இறக்கி, அலகாபாத் ரெவினியூ போர்டுக்கு அனுப்பிவிட்டது. அவருடைய இலாகாவும் கலைக்கப்பட்டது. மனதில் பட்டதை மறைக்காமல் சொல்லும் குணம் உத்தியோக உலகத்தில் மன்னிக்கப்படுவதில்லை. 1882-ல் அவர் உத்தியோகத்தை விட்டு விலகி ஸிம்லாவில் தங்கினார். அங்கே அவருக்கு மற்றொரு பேரிடி விழுந்தது. பறவைகளைப் பற்றிப் பல வருஷங்களாக எழுதிச் சேர்த்திருந்த கையெழுத்துப் பிரதிகளை, அவர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து, வேலைக்காரன் ஒருவன் பழைய காகிதமென்று கடைத்தெருவில் விற்றுவிட்டான். மனமுடைந்த ஹ்யூம் தாம் சேகரித்த 80,000-க்கு மேற்பட்ட பறவை மாதிரிகளை 1885-ல் பிரிட்டிஷ் மியூஸியத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு, முழு மனத்தையும் பொது ஊழியத்தில் திருப்பினார்.

இந்த இடத்தில் அவருடைய கதை நமது மயிலாப்பூரையும் அடையாற்றையும் தொடுகிறது. ஸிம்லாவில் அவர் சில காலம் பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு, பின்பு கருத்து வேற்றுமையால் விலகினார். அச்சங்கத்தின் தலைமை ஸ்தானம் 1882-ன் இறுதியில் அடையாற்றுக்கு வந்தது. 1884-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அங்கே நடந்த வருஷ மகாநாட்டுக்கு வந்தவர்களில் சிலரும் நகரப் பிரமுகர்களுமாக 17 பேர், மயிலாப்பூரில் திவான் பகதூர் ரகுநாத ராவ் இல்லத்தில் கூடி, தேசம் முழுவதற்கும் ஒரு சபை வேண்டுமென்று ஆலோசித்ததாக அன்னி பெஸண்ட் அம்மையார் 1915-ல் வெளியிட்ட காங்கிரஸ் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஆலோசனையும், கல்கத்தா பட்டதாரிகளுக்கு ஹ்யூம் 1883-ல் விடுத்த வேண்டுகோளும், இன்னும் பல ஊர்களில் எழுந்த முயற்சிகளும் ஒன்று கலந்தே 1885-ல் காங்கிரஸ் உருவாயிற்று. முதல் மகாநாட்டில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர், சுதேசமித்திரனை ஸ்தாபித்த நமது ஜி. சுப்பிரமணிய ஐயர். 1887-ல் மூன்றாவது மகாநாடு ஆயிரம் விளக்கில் மக்கேஸ் தோட்டத்தில் பத்ருதீன் தயாப்ஜியின் அக்கிராசனத்தில் நடந்தபோது, ஹ்யூம் பொதுக் காரியதரிசி என்ற முறையில் முன்னின்று உழைத்தார். அந்த மகாநாட்டின் செலவுக்கு ஏழைகளும் சிறு தொகைகள் உதவினார்கள். வீரராகவாச்சாரியார் தமிழில் எழுதிய காங்கிரஸ் வினாவிடை கிராமங்களிலும் பரவிற்று. குடியானவனிடமே நேராகப் பேசத் துணிந்தவுடன்தான் அதிகார வர்க்கம் ஹ்யூமிடம் உண்மையாகச் சினங்கொண்டது.

ஹ்யூம் ராஜத் துரோகத்தை அஞ்சி, ஜனங்களின் கோபத்துக்கு ஒரு வடிகாலாகக் காங்கிரஸை ஏற்படுத்தினார் என்று குறை கூறுவோர் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி சீர்திருந்தி நிலைக்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பம் என்பதை நாமும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயத்தினால் பிறந்ததோ, அன்பினால் பிறந்ததோ, அவருடைய கவலை போய் நின்ற இடம் குடியானவனுடைய வெறும் வயிறு. 1894-ல் அவர் இந்தியாவை விட்டுத் தாய்நாடு திரும்பினார். முதுமையிலும் மண்ணை விட்டு அவர் மனம் அகலவில்லை. தாவர சாஸ்திரத்தில் இறங்கி, 1910-ல் தெற்கு லண்டனில் தமது சொந்தப் பொருளைக் கொண்டு ஒரு தாவர சாஸ்திர நிலையம் ஸ்தாபித்தார். 1912-ம் வருஷம் ஜூலை மாதம் 31-ந் தேதி, தமது எண்பத்து மூன்றாவது வயதில் காலஞ்சென்றார்.

அவர் கண்மூடிய மறு வருஷமே, 1913-ல், உலகத்தின் விவசாயத்தைத் தலைகீழாகப் புரட்டிய ஒரு தொழிற்சாலை ஜெர்மனியில் ஓப்பாவ் என்ற ஊரில் வேலை தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வித்தையை ஹேபர் ஆய்வுக்கூடத்தில் கண்டார். போஷ் அதைத் தொழிலாக்கினார். அந்த வித்தையின் குழந்தையே இன்று நமது கிராமங்களில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் யூரியா. நமது சென்னைக்கு வடக்கே மணலியிலும் அதற்கு ஓர் ஆலை எழுந்தது. ஒரு டன் தொழு உரத்தில் சுமார் 5 கிலோ தழைச்சத்து இருக்கும். 45 கிலோ கொண்ட ஒரு யூரியா மூட்டையிலோ ஏறக்குறைய 21 கிலோ. நான்கு டன் குப்பையை வண்டி கட்டி ஏற்றி இறக்கும் வேலையை ஒரு மூட்டை செய்து விடுகிறது. குடியானவன் மூட்டையை நாடியதில் ஆச்சரியம் என்ன? 1960-களுக்குப் பிறகு நாடு அந்நிய தானியக் கப்பலை எதிர்பாராமல் உண்ணத் தொடங்கியதற்கு, புதிய விதைகளோடும் பாசனத்தோடும் இந்த மூட்டையும் ஒரு காரணம். இந்த நன்றியை மறப்பது தர்மமாகாது.

ஆயினும் ஹ்யூமுடைய பழைய கேள்வி இங்கேதான் மறுபடியும் தலையெடுக்கிறது. இட்ட சத்து எங்கே போகிறது? நீர் நிறைந்த நெல் வயலில் இடும் யூரியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பயிரைச் சேருகிறது என்பது நிபுணர்களின் பொதுவான கணக்கு. மூட்டையிலுள்ள 21 கிலோவில் 7 கிலோ பயிருக்கு என்றால், மற்ற 14 கிலோ எங்கே? ஒரு பங்கு வெயிலேற ஏற அம்மோனியாவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு பங்கு சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் மறுபடியும் வெறும் வாயுவாகிப் போகிறது. அப்படிப் போவதில் ஒரு சிறு அளவு நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவாகிறது. நூறு வருஷக் கணக்கில் அது கரியமில வாயுவைக் காட்டிலும் 270 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கவல்லது. ஒரு பங்கு நைட்ரேட்டாகி நீரோடு இறங்கிக் கிணற்றைச் சேருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது நமது நாட்டு விதி. எஞ்சிய பங்கு மண்ணிலுள்ள மக்கோடு சேர்ந்து தங்குகிறது.

மண்ணில் தங்குவது எவ்வளவு காலம் தங்கும் என்பதற்கு ஓர் அரிய சோதனை உண்டு. பிரான்ஸில் 1982-ம் வருஷம், அடையாளமிட்ட நைட்ரஜன் கொண்ட உரத்தை ஒரு சோதனை நிலத்தில் ஒரே ஒரு முறை இட்டு, மூன்று தசாப்தங்கள் அதைத் தொடர்ந்து கணக்கெடுத்தார்கள். அதில் பயிர்கள் எடுத்துக்கொண்டது நூற்றுக்கு 61 முதல் 65 வரை. நிலத்தடி நீரை நோக்கி வடிந்தது 8 முதல் 12 வரை. அத்தனை வருஷங்களுக்குப் பிறகும் மண்ணிலேயே இருந்தது 12 முதல் 15 வரை. தகப்பன் இட்ட உரம் பிள்ளையின் காலத்திலும் கிணற்றுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். குளிர்நாட்டுக் காடுகளில் செய்த இதைப் போன்ற சோதனைகளிலும், மேலிருந்து விழும் நைட்ரஜனில் மரங்கள் எடுத்துக்கொள்வது சிறு பங்காகவும் மண் பிடித்து வைப்பது பெரும் பங்காகவும் காணப்பட்டது. மண் என்பது ஒரு பொக்கிஷம்; ஆனால் அதற்கும் கொள்ளளவு உண்டு. மக்கு நிறைந்த மண் சத்தைப் பிடித்து வைக்கும். எருவே காணாது யூரியாவை மட்டும் உண்டு இளைத்த மண் ஓட்டைப் பானை போல் ஒழுகும். தொழு உரத்துக்கும் தழை உரத்துக்கும் உள்ள பெருமை, அவை தரும் 5 கிலோவில் மட்டும் இல்லை; மற்றதையும் ஒழுகவிடாமல் பிடித்து வைப்பதில் இருக்கிறது.

பயிரை அடைந்த பங்காவது நிலத்துக்குத் திரும்புகிறதா? அரிசியாகவும் பருப்பாகவும் பாலாகவும் அது சென்னைக்கு வருகிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நாம் அதை உண்கிறோம். உண்டபின் அது சாக்கடையில் இறங்குகிறது. நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் சுத்திகரிக்கும் நிலையங்கள் இருந்தபோதிலும், சுத்தி பெறாத கழிவும் அடையாற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கலக்கிறது. பிராணவாயு குறைந்து மீன்கள் மிதப்பதும், ஆகாயத்தாமரை படர்வதும் இதன் விளைவுகளே. பிரம்மஞான சங்கத்துச் சோலையின் ஓரமாக அடையாற்றின் முகத்துவாரத்தில் கடலைச் சேரும் அந்தக் கருநீர், தஞ்சாவூர் வயலும் செங்கற்பட்டு வயலும் நமக்கு அனுப்பிய செல்வமே. பஞ்சத்தில் பசித்தவன் வெட்டிய கால்வாயில், பசியாற்றவல்ல சத்து அழுக்காக ஓடுகிறது. இதைக் காட்டிலும் வெட்கப்படத்தக்க காட்சி வேறு உண்டோ?

அக்காலத்தில் வடிந்தது வெள்ளையன் கப்பலில். ஆகையால் நாம் கோபித்தோம். இக்காலத்தில் வடிவது நமது சொந்த வயலிலிருந்தும் நமது சொந்த வீட்டுச் சாக்கடையிலிருந்தும், ஆகையால் பேசாதிருக்கிறோம். யூரியாவைச் செய்ய இயற்கை வாயு வேண்டும்; அதில் பெரும்பகுதி அந்நிய நாடுகளிலிருந்து வருகிறது. அதன் விலையைத் தாழ்த்தி வைக்கப் பொதுப்பணம் பெருந்தொகையாகச் செலவாகிறது. அவ்வளவும் செய்து நிலத்தில் இட்டதில் மூன்றில் இரண்டு பங்கை இழப்பது, நெல்லை அளந்து ஓட்டைச் சாக்கில் கொட்டுவதற்குச் சமானம்.

இதற்கு வழி யூரியாவை ஒரே நாளில் தள்ளிவிடுவதன்று. அண்டை நாடாகிய இலங்கை 2021-ல் ரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, விளைச்சல் விழுந்து, சில மாதங்களிலேயே அந்தத் தடையைத் தளர்த்த நேர்ந்தது. வழி, ஒழுகும் ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பதே. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல், பயிரின் பசியறிந்து பிரித்து இடுவது; இலையின் பச்சையை வர்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேவையான போது மட்டும் இடுவது; சணப்பையும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுவது; பயறு வகைகளை மாற்றுப் பயிராக வைப்பது: இவை யாவும் செலவு குறைந்த காரியங்கள். வேம்பின் சத்து யூரியா சீக்கிரம் கரைந்து வீணாவதைத் தாமதப்படுத்தும். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசவேண்டுமென்று சர்க்கார் விதித்தது இதற்காகவே. சாண எரிவாயுக் கலத்திலோ வாயு அடுப்புக்குப் போகிறது. தழைச்சத்து கழனிக்குத் திரும்புகிறது. ஹ்யூம் தோப்பு வைத்துச் சாதிக்க நினைத்ததை இது தொழுவத்திலேயே சாதிக்கிறது. நகரத்தின் குப்பையையும் கழிவையும் பக்குவப்படுத்தி மறுபடியும் நிலத்துக்கு அனுப்புவது நகரவாசிகளாகிய நமது கடன். அந்தக் கடனைக் குடியானவன் தலையில் ஏற்றுவது நியாயமன்று.

ஹ்யூம் கேட்டது பெரிய தத்துவமன்று. ஒரு வீட்டுத் தலைவி அரிசிப் பானையைப் பார்த்துக் கேட்கும் கேள்வியே அது: போட்டு வைத்தது எங்கே போயிற்று? வரி எவ்வளவு வந்தது என்று கேட்கும் அதிகாரிகள் அன்று நிரம்ப இருந்தார்கள். எத்தனை மூட்டை விற்றது என்று கேட்கும் அதிகாரிகள் இன்று நிரம்ப இருக்கிறார்கள். நிலத்தில் எவ்வளவு தங்கிற்று என்று கேட்பவர் அன்றும் அரிது, இன்றும் அரிது. ஒவ்வொரு ஜில்லாவிலும் உரம் விற்ற கணக்கோடு, பயிர் உண்ட கணக்கையும் கிணற்றில் இறங்கிய கணக்கையும் வருஷந்தோறும் பிரசுரிக்கும்படி நமது சர்க்காரை வற்புறுத்துவோமாக. மயிலாப்பூரில் முளைவிட்ட சபையின் கதையை நினைவுகூர்கிற நாம், அச்சபைக்கு உழைத்தவர் மண்ணுக்காகவும் உழைத்தார் என்பதை மறக்கலாகாது. அவருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவர் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே.